தீக்காப்புப் பெட்டியில் எதை வைப்பது?

 

சென்ற மாதம் நமது சங்கத்துச் சகோதரர் ஒருவர் கடைக்கு வந்தார். "நானா, தீப்பிடித்தாலும் வேகாத பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டில் நகையை வை என்கிறாள். மகன் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை வை என்கிறான். பெட்டியோ இத்தனூண்டு இருக்கிறது. எதை வைக்கட்டும்?" என்று கேட்டார். அவருக்கு நாம் சொன்ன பதிலைச் சற்று விரித்து, எல்லோருக்கும் பயன்படும்படி எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நாம் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் நமக்குப் பாடம் உண்டு. அது ஏட்டிலே படித்த பாடமன்று. பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

தீ கற்பித்த பாடம்

சிங்கப்பூரில் வயதான ஆட்களைக் கேட்டால் புக்கிட் ஹோ சுவீ தீயைப் பற்றிச் சொல்வார்கள். 1961-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி. அன்று ஹஜ்ஜுப் பெருநாள். பிற்பகலில் பிடித்த தீ அத்தாப்புக் கூரைகளைத் தாவித் தாவி எரித்தது. நான்கு பேர் உயிரிழந்தனர். ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடற்றவர்களானார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு, எதை எடுப்பது என்று யோசிக்க நேரம் ஏது? இன்று நாம் வீவக வீடுகளில், சிமெண்டுச் சுவர்களுக்குள் இருக்கிறோம். ஊரே எரிகிற காலம் போய்விட்டது. ஆயினும் ஓர் அறை எரிவதற்கு அடுப்பில் மறந்த சட்டி போதும். பழைய வயர் போதும். மின்சைக்கிளின் பாட்டரி போதும். யோசிக்க வேண்டியதை அமைதியான நாளில் யோசித்து வைத்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இனி நமது சொந்தக் கதையைச் சொல்கிறோம். புளோக்கின் அடியிலே நமக்குச் சிறு மளிகைக் கடை ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டில் ஒருநாள் பின்னிரவு, குளிர்ப்பெட்டியின் பின்புறம் இருந்த வயர் உருகித் தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினர் வந்து அணைத்தார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கடையின் பின்பாதி கரியாயிற்று.

அப்போதே நம்மிடம் தீக்காப்புப் பெட்டி இருந்தது. பின்பக்கத் தட்டின் அடியில் அதை வைத்திருந்தோம். மறுநாள் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே இருந்தன. விற்பனைப் பணம் 1,800 வெள்ளி சொச்சம். வீட்டாரின் காப்பு ஒரு ஜோடி. நாம் பெருநாளைக்கு மட்டும் கட்டுகிற கைக்கடிகாரம். "பெட்டி வாங்கியது வீண்போகவில்லை" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நாமும் தலையை ஆட்டினோம்.

பெட்டிக்கு மேலே, அதே தட்டில், இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று 555 நோட்டுகள் அடங்கிய கட்டு. மற்றொன்று பழைய பிஸ்கட் டின். இரண்டும் சாம்பல்.

555 நோட்டு என்றால் இங்குள்ளவர்களுக்கு விளக்கம் வேண்டாம். யார் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று கடைக்காரர் எழுதிவைக்கும் கையகல நோட்டு அது. நோட்டு எரிந்த செய்தி கேட்டு அநேகர் தாமாகவே வந்தார்கள். மேல்மாடி மக்சிக் ஒருவர், நாம் நினைத்திருந்ததைவிட அதிகமான தொகையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். சீனக் கிழவி ஒருவர் எண்ணிக்கூடப் பாராமல் நோட்டுகளை நம் கையில் வைத்தார். சிலர் வரவில்லை. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. மறந்திருக்கலாம், கையில் இல்லாதிருக்கலாம். நமக்கு வரவேண்டியது வராமல் போனால் அது நமது நஷ்டம். அத்துடன் முடிந்தது.

ஆனால் அந்த நோட்டுகளின் பின்பக்கங்களில் நாம் கொடுக்கவேண்டியவையும் எழுதப்பட்டிருந்தன. வாரம் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சேர்த்துவைக்கச் சொல்லிக் கொடுத்த பெண்மணிகள் மூவரின் கணக்கு அதில் இருந்தது. பெருநாள் சாமானுக்கு முன்பணம் கொடுத்தவர்களின் கணக்கும் இருந்தது. "உங்கள் ஞாபகத்தில் உள்ளதைக் கொடுங்கள், போதும்" என்று அந்தப் பெண்மணிகள் சொன்னார்கள். ஞாபகத்தில் உள்ளதற்கு மேலாகவே கொடுத்தோம். ஆயினும் இன்றுவரை அது சரியான தொகைதானா என்று நமக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

பிஸ்கட் டின் நம்முடையதன்று. எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், அநேக வருஷங்கள் சமையல் வேலை பார்த்தவர், வாடகை அறையில் தனியாக இருந்தவர். மூன்று மாதம் ஊருக்குப் போகும்போது அதைக் கொண்டுவந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திரு" என்று கொடுத்தார். "சரி மாமா" என்று வாங்கித் தட்டில் வைத்தோம். கீழே பெட்டி இருந்தது. பெட்டியில் கடிகாரம் இருந்தது. கடிகாரத்தை எடுத்துவிட்டு டின்னில் உள்ள காகிதங்களை வைக்கலாமே என்று நமக்குத் தோன்றவேயில்லை.

அவர் திரும்பி வந்த அன்று விஷயத்தைச் சொன்னோம். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே தம்பி, அது போதும்" என்று சொல்லி எழுந்து போனார். டின்னில் என்ன இருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். ஊரிலுள்ள வீட்டின் மூலப் பத்திரம் ஒன்று. 1952-ஆம் ஆண்டில் சிறு பையனாக அவரைக் கப்பலில் அழைத்துவந்த அவருடைய வாப்பாவின் பாஸ்போர்ட்டு ஒன்று. வாப்பாவின் படம் என்று அவரிடம் இருந்தது அந்தப் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த படம் மட்டுமே.

பத்திரத்துக்குச் சார்பதிவாளர் ஆபீசில் மனுப்போட்டு நகல் வாங்கிக் கொடுத்தோம். அலைச்சலாக இருந்தாலும் கிடைத்தது. படத்துக்கு எந்த ஆபீசில் மனுப்போடுவது?

அவர் 2019-இல் மௌத்தாகிவிட்டார். நம்மை மன்னித்துவிட்டதாக அதற்கு முன்பே தம் வாயால் சொல்லியிருந்தார். ஆயினும் பெட்டிக்குள் நமது கடிகாரமும், பெட்டிக்கு வெளியே அவருடைய டின்னும் இருந்ததை நாம் மறக்கவில்லை. இந்தப் பாடத்தின் மற்ற எல்லாப் பகுதியும் அதிலிருந்து பிறந்ததே.

பெட்டியின் இயல்பு

எதை வைப்பது என்று தீர்மானிக்குமுன் பெட்டி எப்படிக் காக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிறு தீக்காப்புப் பெட்டியின் வெளித்தகடு மெல்லியது. சுவருக்குள் ஜிப்சம், சிமெண்டு போன்ற கலவை அடைத்திருக்கும். அந்தக் கலவைக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. வெளியே சூடு ஏறும்போது அந்த நீர் ஆவியாக மாறும். சூட்டின் பெரும்பகுதி அதிலேயே செலவாகிவிடும். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சோறு கருகுவதில்லை. தண்ணீர் வற்றிய பிறகுதான் அடிப்பிடிக்கிறது. பெட்டியின் விஷயமும் அப்படித்தான்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் தெரிகின்றன. முதலாவது, பெட்டியின் காவலுக்குக் கால அளவு உண்டு. அரைமணி நேரம், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கும். எதுவும் எழுதாத பெட்டியை, விற்கிறவர் என்ன சொன்னாலும், வாங்கவேண்டாம்.

இரண்டாவது, பெட்டி காகிதத்துக்காகச் செய்யப்பட்டது. யூ.எல். என்னும் அமெரிக்கச் சோதனைச் சாலையின் முத்திரையுள்ள பெட்டிகளில் 350 வகுப்பு என்று போட்டிருப்பார்கள். அது பாரன்ஹீட் கணக்கு. நமது கணக்கில் 177 டிகிரி. ஒரு மணி நேரச் சோதனையில் உலையின் சூடு 900 டிகிரியைத் தாண்டினாலும் பெட்டிக்குள் 177 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. காகிதம் கருகத் தொடங்குவது ஏறக்குறைய 200 டிகிரிக்கு மேல். ஆகவே காகிதம் தப்பும். ஆனால் 177 டிகிரியில் கெட்டுப்போகும் சாமான்கள் அநேகம் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்வோம்.

மூன்றாவது, இந்தப் பெட்டி திருடனுக்கு எதிரியன்று. நமது பெட்டியின் எடை ஏழு கிலோ. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அதன் பூட்டு, தீயில் மூடி திறந்துகொள்ளாமல் இருப்பதற்கே. நகையைக் கொண்டுபோய் அதில் வைப்பது, எடுத்துப்போக வசதியாகக் கட்டிக்கொடுப்பது போலாகும்.

இடமும் குறைவு. நமது பெட்டியின் உள்ளளவு நீளம் 12 அங்குலம், அகலம் ஏழரை அங்குலம், ஆழம் மூன்றரை அங்குலம். சாதாரண ஏ4 தாளைக்கூட மடிக்காமல் வைக்க முடியாது. ஆகவே ஒன்றை வைப்பதென்றால் மற்றொன்றை வெளியே விடுவதென்று பொருள்.

மூன்று கேள்விகள்

பெட்டி வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இதன் விலை என்ன?" என்பதே. நாமும் அப்படித்தான் கேட்டோம். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுக் கீழ்க்கண்ட மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

ஒன்று: இது பிறருடையதா? அல்லது பிறருடைய உரிமை இதில் எழுதியிருக்கிறதா?

இரண்டு: உலகத்தில் இது ஒன்றுதானா?

மூன்று: தொலைந்தால் திரும்பப் பெற எத்தனை நாள் அலையவேண்டும்?

முதல் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் வந்தால் அந்தச் சாமானுக்குப் பெட்டியில் முதலிடம். நமது சொத்து எரிந்தால் நாம் பொறுத்துக்கொள்ளலாம். பிறருடையது எரிந்தால் பொறுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு, நமக்கில்லை. அமானிதமாக வாங்கிய காகிதம், நாம் கொடுக்கவேண்டிய கடனின் கணக்கு, சீட்டுப் பணக் கணக்கு, சங்கத்தின் ரசீதுப் புத்தகம், வேலையாள் நம்மிடம் ஒப்படைத்த பத்திரம் ஆகியவை இவ்வகை. கடனை எழுதிவைக்கவேண்டும் என்பது நமது மார்க்கக் கட்டளை. எழுதியதைக் காப்பாற்றாவிட்டால் எழுதியதில் என்ன பயன்?

இரண்டாம் கேள்விக்கு உதாரணம் பழைய படங்கள், கடிதங்கள், கைப்பட எழுதிய குறிப்புகள். உம்மாவின் நிக்காஹ் நாளில் எடுத்த படம், பாட்டனார் கிட்டங்கியில் இருந்தபோது ஊருக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றுக்குச் சந்தையில் ஒரு காசு விலையில்லை. ஆனால் எந்த ஆபீசிலும் நகல் கிடையாது. நாம் ஓதிய மதரஸா மூடிப்போயிருந்தால் அது கொடுத்த ஸனதும் இவ்வகையே.

மூன்றாம் கேள்வியில் யோசனை வேண்டும். அரசாங்கப் பத்திரங்கள் எல்லாம் ஒரே தரமல்ல. 2022-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதியிலிருந்து சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் மின்வடிவில்தான் கொடுக்கப்படுகின்றன. அந்தத் தேதிக்குப்பின் பிறந்த குழந்தையின் சான்றிதழைக் காகிதமாகக் காக்கவேண்டிய அவசியமில்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துவைத்தால் போதும். அதற்கு முற்பட்ட காகிதச் சான்றிதழ் இன்றும் செல்லும். அது தொலைந்தால் கட்டணம் கட்டிப் பதிவின் நகலைப் பெறலாம். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மனுச் செய்தால் வேறு கிடைக்கும். சிரமம் உண்டு, செலவு உண்டு. ஆனால் வழி உண்டு.

ஊரில் நடந்த நிக்காஹின் கதை வேறு. அது அந்தந்த ஜமாஅத்தின் தப்தரில் பதிந்திருக்கும். தப்தர் கரையான் அரித்திருந்தால், நம் கையிலுள்ள நகலே கடைசி நகல். ஒருவர் மௌத்தான பிறகு ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்யும்போது யார் மனைவி, யார் பிள்ளைகள் என்று நிரூபிக்க வேண்டிவரும். அப்போது ஐம்பது வருஷத்துக்கு முந்திய நிக்காஹ் பத்திரத்தைத் தேடி ஊருக்கு ஆளனுப்பிய குடும்பங்களை நாம் அறிவோம். அந்தக் காகிதத்துக்குப் பெட்டியில் இடம் கொடுங்கள்.

ஊரிலுள்ள வீடு, மனைகளின் மூலப் பத்திரமும் அவ்வாறே. பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் ஆபீசில் பெறலாம். ஆயினும் அசல் இல்லாமல் விற்கப் போனால் போலீஸ் சான்று, பத்திரிகை விளம்பரம் என்று அலையவேண்டும். கடல் கடந்து இருக்கிற நமக்கு அந்த அலைச்சல் இரட்டிப்பு. வஸிய்யத்து எழுதியவர்கள் அதன் அசலையும் வையுங்கள். உயில் பதிவகத்தில் நாம் பதிவது உயில் எங்கே இருக்கிறது என்ற தகவலை மட்டுமே; உயிலையன்று.

வைக்கத் தகாதவை

தங்கம்: சுத்தத் தங்கம் உருக 1,064 டிகிரி சூடு வேண்டும். தங்கத்துக்குத் தீயைவிடத் திருடன்தான் பகை. அதற்குப் பேங்க் பெட்டகமோ, தரையோடு முடுக்கிய கனத்த இரும்புப் பெட்டியோ பொருத்தம். முத்து, பவளம் முதலியவற்றை ஆவியும் சூடும் கெடுத்துவிடும். அவற்றையும் இதில் வைக்கவேண்டாம்.

பணம்: இரண்டு, ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. 177 டிகிரியை எட்டுமுன்பே அவை சுருங்கிவிடும். நமது பெட்டியில் பணம் தப்பியதற்குக் காரணம், தீ சீக்கிரம் அணைக்கப்பட்டதே. பணத்தைப் பேங்கில் போடுங்கள். அவசரத்துக்கு இரண்டு ஐம்பது வெள்ளிக் காகித நோட்டுகள் போதும்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம்: விரலளவுச் சேமிப்பான், வட்டு முதலியவற்றைக் காக்கும் பெட்டிக்கு 125 வகுப்பு என்று பெயர். அதற்குள் 52 டிகிரியைத் தாண்டக் கூடாது. நமது காகிதப் பெட்டி அந்தக் காவலைக் கொடுக்காது. கம்ப்யூட்டரில் உள்ளதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உடன்பிறந்தார் வீட்டில் வையுங்கள். அதுவே நல்ல காவல்.

பாட்டரி: எந்த விதமான பாட்டரியையும், கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கையும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. தீக்காப்புப் பெட்டிக்குள் தீயை நாமே வைத்ததாகும்.

மெஷின் ரசீது: இது கடைக்காரர் என்ற முறையில் நமக்குத் தெரிந்தது. கல்லா மெஷினில் வரும் வழவழப்பான தாளில் மையே கிடையாது. சூடு பட்ட இடம் கறுப்பதுதான் எழுத்து. பெட்டிக்குள் சூடு ஏறினால் தாள் எரியாது. ஆனால் முழுத்தாளும் கறுத்து ஓர் எழுத்தும் மிஞ்சாது. நகைக்கடை ரசீதோ, உத்தரவாதச் சீட்டோ அத்தகைய தாளில் இருந்தால் சாதாரணத் தாளில் நகலெடுத்து அதை வையுங்கள்.

பிள்ளைகள் வைத்திருக்கும், தேய்த்தால் அழியும் மைப் பேனாவும் அப்படியே. அதன் எழுத்து ஏறக்குறைய 60 டிகிரியில் மறைந்துவிடும். கணக்கை அதனால் எழுதவேண்டாம். தண்ணீர் பட்டால் கரையும் மையும் ஆவியில் கலங்கிவிடும். பென்சிலோ, சாதாரணப் பந்துமுனைப் பேனாவோ நல்லது.

வைக்கும் முறை

பெட்டிக்குள் ஈரம் உண்டு என்பதை மறவாதீர்கள். தீ இல்லாத நாளிலும் சுவரிலுள்ள நீர் மெல்ல மெல்லக் கசிந்து, மூடிய பெட்டிக்குள் புழுக்கம் உண்டாகும். இந்த நாட்டு வெக்கையில் ஆறு மாதம் திறவாத பெட்டியில் பூஞ்சணம் பூத்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிஷம் திறந்துவைத்துக் காற்றாடவிடுங்கள். ஈரம் இழுக்கும் பொட்டலம் ஒன்றைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் நேராகப் போடாதீர்கள். சூட்டில் உறை இளகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் வெறும் வெள்ளைத் தாளில் சுற்றி, அதன்பின் உறையில் இடுங்கள். ஈரத்துக்கும் காவல், எழுத்துக்கும் காவல். மெஷினில் எடுத்த நகல்களின் மையும் சூட்டில் இளகக்கூடியதே. இரண்டு நகலுக்கு நடுவே ஒரு வெறுந்தாள் வையுங்கள். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் அவ்வாறே செய்யுங்கள். பத்திரங்களுக்குப் பிளாஸ்டிக் பூச்சு அடிக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது வேண்டாம், பூச்சு உருகினால் பத்திரமும் அதோடு போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள் இருக்கட்டும். அதில் பெட்டியில் உள்ளவற்றின் பட்டியல், காப்புறுதி எண், பேங்க் பெயர், யாருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்ற விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். வீவக தீக் காப்புறுதி கட்டடத்துக்கே உரியது. வீட்டுச் சாமான்களுக்கு அது பொறுப்பன்று. சாமான்களுக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்தவர்கள் அந்த விவரத்தையும் இதிலே எழுதவேண்டும். எல்லாக் காகிதத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். படம் அசலுக்கு ஈடாகாது; ஆயினும் எது போயிற்று என்றாவது தெரியும்.

இடமும் சாவியும்

அடுப்பங்கரைக்குப் பக்கத்திலும், உயரமான அலமாரியின் மேலும் பெட்டியை வைக்கவேண்டாம். மரத்தட்டு எரிந்து பெட்டி விழுந்தால் மூடி கோணலாகும். தரையோடு தரையாக, சிமெண்டுச் சுவரின் மூலையில் வையுங்கள். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கட்டிய வீடுகளில் கனத்த சுவரும் இரும்புக் கதவும் உள்ள பாம்ப் ஷெல்டர் இருக்கும். அதன் தரை பெட்டிக்கு நல்ல இடம். பெட்டிக்கு நல்ல இடமே ஒழிய, தீப்பிடித்தால் மனிதர் நுழைந்து ஒளிய அது இடமன்று.

தீப்பிடித்தால் பெட்டியை எடுக்க ஒருவரும் திரும்பிப் போகக் கூடாது. வெளியே வந்து, கதவைச் சாத்தி, 995-ஐ அழையுங்கள். நாம் இல்லாதபோது காப்பதற்குத்தானே பெட்டி வாங்கினோம்? தீ அணைந்த பிறகும் உடனே திறக்காதீர்கள். உள்ளே காகிதம் கொதித்துக்கொண்டிருக்கும். புதுக்காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளக்கூடும். பெட்டி நன்றாகக் குளிரும்வரை, ஒரு நாளானாலும், பொறுத்திருங்கள்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. நமது வீடுகளில் சாவி ஆண்பிள்ளையின் இடுப்பில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கு மட்டும் தெரியும். அவர் திடீரென்று மௌத்தானால் பெட்டி இருந்தும் இல்லாததுதான். மனைவிக்கும், விவரம் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். இது இன்னாருடைய அமானிதம், இதை இன்னாரிடம் சேர்க்கவேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். அதைப் பட்டியலிலும் எழுதுங்கள். இரண்டாவது சாவியை வேறொரு வீட்டில் வையுங்கள்.

நமது பெட்டியில் இன்று

உபதேசம் செய்பவர் தம் பெட்டியைத் திறந்து காட்டவேண்டுமல்லவா? இன்று நமது பெட்டியில் இருப்பவை இவை:

1. இரவு கடை சாத்தும்போது உள்ளே போய், காலையில் வெளியே வரும் 555 நோட்டுகள். நாம் கொடுக்கவேண்டியவற்றுக்கு இப்போது தனி நோட்டு.

2. வேலையாள் ஒருவர் கொடுத்துவைத்த படிப்புச் சான்றிதழ். உறையின் மேல் அவர் பெயரும், கொடுத்த தேதியும் எழுதியிருக்கிறோம். திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குவோம்.

3. வாப்பா, உம்மா ஆகியோரின் நிக்காஹ் பத்திரம், ஊர் வீட்டின் மூலப் பத்திரம், நமது வஸிய்யத்து.

4. பிள்ளைகளின் காகிதப் பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டு.

5. படங்கள் பதினான்கு. இவற்றைத் தெரிந்தெடுக்க மூன்று இரவுகள் ஆயின. வீட்டார் ஒரு படத்தைக் கையில் எடுத்து, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்லச் சொல்ல, மகள் அதன் பின்னால் பென்சிலால் எழுதினாள்.

6. மேலே பட்டியல்.

கைக்கடிகாரம் இப்போது அலமாரியில் கிடக்கிறது. காப்பு பேங்கில் இருக்கிறது.

இவ்வளவையும் வைத்த பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு விரற்கடை இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். யாராவது ஊருக்குப் போகும்போது, "தம்பி, இதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திரு" என்று எதையாவது கொண்டுவந்தால், அதற்கு வேண்டிய இடம் அது.

ஆகவே சகோதரர்களே, பெட்டி வைத்திருப்பவர்கள் இன்றிரவே அதைத் திறந்து பாருங்கள். பெட்டி வாங்காதவர்களும், பிறருடையது எது, திரும்பக் கிடைக்காதது எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதி முடிக்கும்போது பெட்டி வேண்டுமா, வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அல்லாஹ் நம் எல்லோர் வீடுகளையும் தீயின் ஆபத்திலிருந்து காப்பானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவர் கையில் முழுமையாகச் சேர்க்கும் நல்ல வாய்ப்பை நமக்குத் தருவானாக! ஆமீன்.